மேல் மாடி யாருக்கு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பொய் சொல்லாமல் எழுது. போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், கேட்க ஆளில்லை என்று கடிதச் சட்டம் போட்டவள் நீ. அதனால் சாவகாசமாகவே சொல்கிறேன்.

நகராட்சி எங்கள் நூலகத்துக்குப் பழைய தந்தி அலுவலகத்தைத் தருவதாக முடிவாகிவிட்டது. மூன்று தளம், அகலப் படிக்கட்டு, ஆளுயர ஜன்னல். ஆனால் கூடவே ஒரு வால். ஆவணக் காப்பகமும் அதே கட்டடத்துக்கு வருகிறதாம். இரண்டும் சேர்ந்து அடுத்த இருபது வருஷத்துக்கு ஒரே திட்டமாக எழுதி ஜூனுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள்.

காப்பகத்துக்குப் பொறுப்பு யார் தெரியுமா? நான் ‘அட்டைப்பெட்டி’ என்று எழுதுவேனே, அவர்தான். பதினோரு வருஷமாக ஒரே நகராட்சியில் வேலை பார்க்கிறோம், மின்விசிறியின் வேகத்தில்கூட ஒத்துப்போனதில்லை. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்துவிட்டு அரசுக் கிடங்குக்கு அனுப்பிவிடலாம், வருகிற ஜனங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்றேன். “ஸ்கேன் பண்றவன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டான் மேடம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனிதர் பேசுவது குறைவு. பேசிவிட்டால் எனக்கு அன்றைக்கு வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். உங்கள் ஊரில் புதிதாகக் கட்டியிருக்கும் காப்பகத்தைப் பார்க்க மாதக் கடைசியில் வருகிறார். அங்கே யாரையும் தெரியாதாம். போனால் போகிறது, ஒரு வேளை சாப்பாடு போடு. போடும்போது நம் பக்க நியாயத்தையும் இரண்டு கரண்டி சேர்த்துப் போடு.

இவரும் மகளும் உன்னை விசாரித்தார்கள். வெயிலில் நின்று பாடம் நடத்தாதே.

உன்,
சின்னவள்


பிப்ரவரி 3

அன்புச் சின்னவளுக்கு,

முழங்கால் பரவாயில்லை. மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீ மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, வயிற்றெரிச்சலுக்கு அட்டைப்பெட்டி மட்டும் காரணம் இல்லை.

உன் எதிரி வந்தார். ஒரு வேளை என்றாய். மூன்று நாளும் இங்கேதான் சாப்பிட்டார். அந்த ஓட்டல் சாப்பாட்டுக்கு மனிதரை அனுப்ப மனசு வரவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். உன் நியாயத்தை மறக்காமல் போட்டேன். “எங்க சின்னவ சொல்றதுல என்ன தப்பு?” என்று கேட்டேன்.

“தப்பே இல்லைங்க. அவங்க இன்னைக்கு வர்றவங்களைப் பத்தி யோசிக்கறாங்க. நான் இனிமே வரப்போறவங்களைப் பத்தி யோசிக்கறேன். ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒரே நகராட்சிதான் குடுக்குது” என்றார். நான் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். நீயாக இருந்தால் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பாய்.

ஐம்பத்திரண்டு வயதாகிறது, வண்டி ஓட்டத் தெரியாதாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பேச்சா அது? கூட்டிக்கொண்டுபோய் மைதானத்தில் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டேன். கிளட்சை மிதிப்பதற்கு முன்னால் அதனிடம் அனுமதி கேட்பது போல ஒரு பார்வை பார்க்கிறார். வண்டி தவளை மாதிரி குதித்தது. “மன்னிச்சுக்கோங்க” என்றார். என்னிடம் என்று நினைத்தேன். வண்டியிடம்.

நீ எழுதுகிற அளவுக்கு ஆள் மோசமில்லை. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்துக்கு வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எங்கள் நலம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது, கேள்.

பொதுமக்கள் கருத்துக் கூட்டம் நடத்தினோம். ‘இருபது ஆண்டுகளுக்குப் பின் நம் நூலகம்’ என்று துணியில் எழுதிக் கட்டி, திரையில் படம் காட்டி, கணினிக் கூடம், ஒலிநூல், வீட்டுக்கே வரும் புத்தக வண்டி என்று நான் முக்கால் மணி நேரம் முழங்கினேன். முடித்ததும் “உங்கள் எதிர்பார்ப்பு என்ன?” என்று கேட்டேன். முன் வரிசையில் இருந்த மீன்கடை அம்மா எழுந்து, “கக்கூஸ்” என்றார். கூட்டம் கைதட்டியது அக்கா. என் பேச்சுக்குக் கிடைக்காத கைதட்டல்.

அடுத்து ஓய்வுபெற்ற வரி அதிகாரி, முதுகு சாய்கிற மாதிரி நாற்காலி வேண்டும் என்றார். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, “எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்காத எடமா இருக்கணும்” என்றாள். அதை மட்டும் நான் குறித்துக்கொண்டேன். அட்டைப்பெட்டியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பெண், தன் அப்பா பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே கிடைக்கும் என்று அவரைத் தனியே பிடித்துக்கொண்டாள். விளக்கை அணைக்கிற வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வேடிக்கை. அவர் இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் விடுப்பு எடுக்கிறார். திங்கட்கிழமை பார்த்தால் வலது முன்கை மட்டும் கறுத்திருக்கிறது. எங்கேயோ தோட்டம் வாங்கிவிட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு. ஒரு கையால் என்ன விவசாயமோ.

சீக்கிரம் பதில் போடு. முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்.

உன்,
சின்னவள்


மார்ச் 22

அன்புச் சின்னவளுக்கு,

பதில் போடத் தாமதம். பயிற்சிக்கு ஆள் அதிகம், இன்ஜின் வேலை ஒன்று, நடுவில் கொஞ்சம் தலைவலி. இப்போது நன்றாக இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன்.

கக்கூஸ் கதையைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். அதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் போடு. கேட்டவர்கள் கையெழுத்து மாதிரி அது.

காப்பகக்காரருக்கு இருமல் நின்றதா? காகிதத் தூசி ஒத்துக்கொள்ளாதவர் காப்பகத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான். அதுவும் மேல் மாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தினமும் அத்தனை படி ஏறப் போகிறாராம். கீழே ஈரம், நடுத்தளத்தை நீ விடமாட்டாய், யாருக்கும் வேண்டாத மாடியைத் தான் எடுத்துக்கொண்டால் சண்டை வராது என்று எண்ணம்.

வேறு விசேஷம் இல்லை. குட்டி பரீட்சைக்குப் படிக்கிறாளா?

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலி போய்விட்டதா? தலைவலியோடு நீ எழுதின கடிதம் எனக்குத் தங்கமாக இருக்கிறது. மேல் மாடி கேட்கப் போகிறாரா? இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லையே. ஜனவரியில் வந்தபோது உன்னிடம் உளறிவிட்டார் போலிருக்கிறது. உன் சாப்பாடு வேலை செய்திருக்கிறது.

இப்போது ரகசியம். நகராட்சிப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தைத் தட்டிப் பார்த்தேன். நடுத்தளத்தில் முன்பு தந்தி இயந்திரங்கள் இருந்ததால் இரும்பு உத்தரம், யானை ஏறினாலும் தாங்கும். மேல் மாடி அப்படி இல்லை. மேஜை போடலாம், ஆள் உட்காரலாம். காகிதப் பெட்டிகளை அடுக்கினால் ஒரே வருஷத்தில் தொய்ந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மே மாதக் கூட்டத்தில் அட்டைப்பெட்டியை முதலில் பேச விடப் போகிறேன். அவர் மேல் மாடி கேட்பார். கேட்ட பிறகு பொறியாளரை எழுப்புவேன். கீழே மழைக்குக் கணுக்கால் தண்ணீர், நடுத்தளம் என் புத்தகங்களுக்கு. வேறு வழியில்லாமல் பெட்டிகள் கிடங்குக்குப் போகும். சண்டையே போடாமல் ஜெயிக்கிறேன் பார்.

யாரிடமும் சொல்லிவிடாதே. நீ யாரிடம் சொல்லப் போகிறாய், கியர் பெட்டியிடமா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன்,
சின்னவள்


ஏப்ரல் 27

அன்புச் சின்னவளுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது.

பொறியாளர் சொன்னதை அவரிடம் கூட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடேன். எப்படியும் தெரியப் போகிறதுதானே. நாலு பேர் நடுவில் வைத்து ஒருவருக்குத் தெரிய வேண்டியது என்ன இருக்கிறது?

அவ்வளவுதான் எழுத முடிந்தது. வெயில் கடுமை. எல்லாரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அக்கா


மே 13

அக்காவுக்கு,

நலம். கூட்டம் முடிந்தது. நான் நினைத்தபடியே நடந்தது.

அவர் வண்ணப் பென்சிலில் வரைந்த படத்தை மேஜையில் விரித்தார். மேல் மாடி முழுக்கப் பெட்டி வரிசைகள். ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. “அப்பா பிறந்த அத்தாட்சி தேடி வர்றவங்க வெளிச்சத்துல உக்காந்து படிக்கட்டும்” என்றார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் பொறியாளரை எழுப்பினேன். அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அட்டைப்பெட்டி என் பக்கம் திரும்பினார்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?”

“ஒரு மாசமா தெரியும்.”

“சொல்லியிருந்தா ரெண்டு பேருக்குமே ஒரு மாசம் மிச்சமாயிருக்கும்” என்று படத்தை மடித்துக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த நகராட்சித் தலைவி, “அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே படம் கொண்டு வாங்க. தனித்தனியா வந்தீங்கன்னா கட்டடம் காருக்கு” என்று எழுந்து போய்விட்டார்.

ஜெயித்தவளுக்கு வாய் ஏன் கசக்கிறது என்று யோசித்துக்கொண்டே கீழே இறங்கினேன். வாசலில் ஒரு வெள்ளைக் கார். இடது கதவில் நான் பதினெட்டு வயதில் இடித்த பள்ளம். முதுகில் நம் ஸ்கூலின் பெயர், போன் நம்பர். அப்பாவின் வண்டி. எனக்கே நீ அதை முழு மனசோடு கொடுத்ததில்லை. அவர் வந்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போனார். வலது கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு நன்றாகவே ஓட்டுகிறார்.

வலது கை ஏன் கறுத்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஊரே தோட்டம் என்றது, நானும் சிரித்தேன்.

நான் எழுதியதையெல்லாம் அவருக்கும் படித்துக் காட்டினாயா? அட்டைப்பெட்டி என்று சேர்ந்து சிரித்தீர்களா?

சின்னவள்


மே 20

அன்புச் சின்னவளுக்கு,

உன் வரிகளை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஒரு எழுத்துகூட. நான் தவறினது வேறு பக்கம். மேல் மாடி கேட்கப் போவதை அவர்தான் என்னிடம் சொன்னார், ஜனவரியில் இல்லை, மார்ச்சில். அதை உனக்கு வாய் தவறி எழுதிவிட்டேன். எழுதினதைக் கூட்டம் முடிந்த அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் ரயில் ஏறி இங்கேதான் வந்தார். முதலில் வண்டி பழக. லைசென்ஸ் வாங்கிய பிறகும் வந்தார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. அப்பா போனதிலிருந்து இந்த ஸ்கூலும் நீயுமாக ஓடிவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. இந்த வயதில் வாசல் மணி அடித்தால் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறேன் என்று தங்கைக்கு எப்படி எழுதுவது? அதுவும் அவளுடைய எதிரிக்காக. ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து, முழங்காலைப் பற்றி எழுதி மூடினேன்.

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். நீ வேண்டாம் என்றால், வேண்டாம் என்றாலும் செய்துகொள்வேன். ஆனால் அழுதுகொண்டே செய்துகொள்வேன்.

மதியம் சாப்பிடு.

அக்கா


ஜூன் 8

அன்புச் சின்னவளுக்கு,

உன் சுகம் தெரியவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்குப் பாடம் வைக்காமல் வாசலில் நிற்கிறேன். நேற்று அந்த இடைவெளியில் ஒரு மாணவி தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைத் துரத்தி ஓடினதில் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது.

கோபம் என்றால் கோபமாகவே எழுது. வெறும் தாளாக மட்டும் இருக்காதே.

அக்கா


ஜூன் 17

என் அருமை அக்காவுக்கு,

உன் சுகத்தைக் கேட்காமல் ஒரு மாதம் இருந்துவிட்டேன். இப்போது மொத்தமாகக் கேட்கிறேன்: கால் எப்படி, தலை எப்படி, மனசு எப்படி?

ஒரு மாதமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். இவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் செய்தித்தாளை மடித்து வைத்தார். “உங்க அக்கா சொல்லியிருந்தா அந்த மனுஷன் மேல் மாடி கேட்டு அத்தனை பேர் முன்னாடி மூக்கை உடைச்சுக்கிட்டிருப்பாரா? நீ படிச்சவதானே?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

மறுநாள் காப்பகத்துக்குப் போனேன். நகராட்சி மன்றத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. பதினோரு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை இறங்குகிறேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வார்த்தை அகப்படவில்லை. “படத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்றேன்.

விரித்துக்கொண்டே, “இதை உங்க அக்காகிட்ட மூணு சனிக்கிழமை காட்டினேன் மேடம். இந்த ஜன்னலு, இந்த மேஜைன்னு ஒவ்வொண்ணா. எல்லாத்துக்கும் ஏதாவது சொல்றவங்க, இதுக்கு மட்டும் வாயைத் திறக்கல. ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தாங்க. பிடிக்கல போலன்னு நினைச்சேன்” என்றார்.

“கோவம் வரலையா உங்களுக்கு?”

“நீங்க நம்பிச் சொன்னதை எங்கிட்ட சொல்லியிருந்தாங்கன்னா, நான் சொன்னதையும் வேற யார்கிட்டயோ சொல்லுவாங்கன்னு தோணியிருக்கும்” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு சொல்லிட்டாங்கதான். அது பரவாயில்ல” என்றார்.

அக்கா, நீ அந்தத் தண்ணீரைக் குடித்த நிமிஷத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் நீ ஒரு தம்ளரோடு.

பிறகு பொறியாளரையும் கூப்பிட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். நடுத்தளம்தான் பாரம் தாங்கும் என்றால், பாரமெல்லாம் நடுத்தளத்துக்கே போகட்டும் என்றார் பொறியாளர். பாதி என் புத்தக அலமாரி, பாதி அவர் பெட்டிகள். நடுவில் ஒரே மேஜை. புத்தகம் கேட்டு வருகிறவரும் பழைய பத்திரம் கேட்டு வருகிறவரும் அதே இடத்தில் கேட்கலாம். மேல் மாடியில் வெறும் மேஜைகளும் கணினிகளும், எதற்கு வந்தாய் என்று கேட்க யாரும் இல்லாமல். கீழே குழந்தைகள், செய்தித்தாள், வடிகாலை ஆழப்படுத்துவதாக நகராட்சியின் உறுதி. காகிதங்களை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, காகிதத்தையும் வைத்துக்கொள்கிறோம். எனக்குப் பாதி அலமாரி போனது வலிக்கத்தான் செய்கிறது. இரண்டிரண்டாக இருந்த புத்தகங்களை வண்டியில் ஏற்றி ஊரோரத் தெருக்களுக்கு அனுப்பப் போகிறேன். அவருக்கு ஜன்னல் போனது வலிக்கிறது. ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொடுத்தேன், சின்னது.

முதல் பக்கத்தில் கழிப்பறை. மீன்கடை அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நேற்று முன்தினம் கூட்டத்தில் திட்டம் நிறைவேறியது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, திறந்திருக்கும் நேரம் வருகிற வரைக்கும். காப்பகம் ஐந்து மணிக்கு மூடும் என்றார். ஒரே மேஜை, அதில் பாதி மூடி பாதி திறந்திருக்க அது என்ன பலசரக்குக் கடையா, எட்டு மணி வரைக்கும் திறந்திருக்க வேண்டும் என்றேன். குரல் ஏறிவிட்டது.

“எட்டு மணி வரைக்கும் யாரு மேடம் உக்காருவா?”

“நீங்கதான் அத்தான்.”

வாயிலிருந்து விழுந்துவிட்டது அக்கா. பிடிக்க முடியவில்லை. குறிப்பு எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மேடம், இதை எப்படி எழுதறது?” என்று கேட்டார்.

தலைவி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ரெண்டு துறையும் குடும்பமா உக்காந்து பேசி முடிச்சுக்கும்னு எழுதுப்பா” என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்ட பிறகும் யாரையும் பார்க்கவில்லை. “எட்டு மணி வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

தேதியைக் குறித்து எழுது. சனிக்கிழமையாக வேண்டாம், இங்கே நூலகத்தில் கூட்டம் அதிகம்.

உன்,
சின்னவள்